ஒருவர் குறைவாக

1987 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். பம்பாய் வி.டி. ஸ்டேஷன். மழை முடிந்து பத்து நாளாகியிருந்தது, வானத்தில் ஒரு மேகம் இல்லை. அந்த நேரத்துக்கே சட்டைக் காலர் நனைந்து கழுத்தில் ஒட்டியது. பெங்களூர் வண்டி கிளம்ப முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. போவதாக இருந்த நாலு பேரில் மூன்று பேர் வந்துவிட்டோம். டிக்கெட்டை வைத்திருந்த அவர் மட்டும் வரவில்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் வீட்டார் இன்னும் செம்பூரில் இருப்பதாகக் கேள்வி.

தாமதமாக வருகிற மனிதர் இல்லை அவர். டிராம்பே பக்கம் ஒரு கெமிக்கல் தொழிற்சாலையில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அவர் டிராயிங் ஆபீஸ், நான் ஸ்டோர்ஸ். பதினோரு வருடம் செம்பூரிலிருந்து ஒரே கம்பெனி பஸ்ஸில் போனோம். பஸ் ஏழு நாற்பதுக்கு வரும். ஏழு முப்பத்தாறுக்கு அவர் விளக்குக் கம்பத்துக்குக் கீழே நின்றுகொண்டிருப்பார். என் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடுகிறது என்பதை அவர் வந்து நிற்பதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஒல்லியான உடம்பு. மே மாதத்திலும் முழுக்கைச் சட்டை. வலது காதில் ஒரு 2H பென்சில் இருக்கும், அது காதிலேயே முளைத்தது போல. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் முதலில் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கேட்டவருடைய சட்டைப் பொத்தானைப் பார்ப்பார். பிறகுதான் பதில் வரும்.

வெளியூர் போவதற்குத் திட்டம் போடுவது அவருக்குப் பிடித்த காரியம். சம்பளமில்லாமல் எல்லோருக்கும் போட்டுக் கொடுப்பார். கிராஃப் தாளில் இடது பக்கம் நேரம், வலது பக்கம் காரியம். எங்கே காபி, எங்கே கழிப்பறை, மழை வந்தால் எந்தக் கூரை, எல்லாம் இருக்கும். வழியில் யாராவது அவரிடம் சந்தேகம் கேட்டால் "தாள்ல என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்பார். தாளில் இருப்பதுதான் நடக்கும்.

ஒரு விஷயம் மட்டும் விசித்திரம். ஐந்து பேர் போவதென்றால் நாலு டிக்கெட்தான் எடுப்பார்.

முதல் தடவை 1981-ல், லோனாவ்லா. ஐந்து பேர் பணம் கொடுத்திருந்தோம். தாதரில் பஸ் ஏறப் போனால் கையில் நாலு டிக்கெட். ஒன்று குறைகிறதே என்றேன். ஒருத்தர் வரமாட்டார் என்றார். யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். பத்து நிமிடம் கழித்து எங்கள் அக்கவுன்ட்ஸ்காரரின் தம்பி ஓடி வந்து, அண்ணாவுக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சல் என்று சொன்னான். அவர் தலையசைத்துவிட்டு, அந்த ஆள் கொடுத்த பணத்தைத் தனியாக வைத்திருந்த உறையோடு தம்பி கையில் கொடுத்தார். உறையின் மேல் பெயர் எழுதியிருக்கவில்லை. நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

காரணம் கேட்டால் தொழிலை வைத்துப் பதில் சொல்வார். "நூறடி பைப் வேணும்னா நூத்தஞ்சு அடி வாங்கறோம். வெட்டறச்சே சேதாரம் இருக்கு. மனுஷாளுக்கு அது தலைகீழ். அஞ்சுன்னு சொன்னா நாலு. நான் யாரையும் எடுக்கலை, எண்ணிக்கையைத்தான் எடுக்கறேன்."

என் மைத்துனி கல்யாணம் மாட்டுங்காவில் நடந்தபோது சமையல்காரர் நானூறு இலைக்குச் சாமான் பட்டியல் போட்டார். இவர் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு முந்நூற்று அறுபது போதும் என்றார். சமையல்காரர் என் மாமனாரிடம் போய் சண்டை போட்டார். கடைசியில் முந்நூற்று அறுபதுக்குத்தான் சமைத்தார்கள். எச்சில் இலையை நான் எண்ணினேன், முந்நூற்று ஐம்பத்தேழு. என் மாமனார் சாகும்வரை அவரைக் கடவுள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

1981-லிருந்து 1986 வரை மொத்தம் ஏழு பயணம். ஏழிலும் ஒருவர் வரவில்லை. முதல் நாலு தடவை காய்ச்சல், மேலதிகாரி வருகை, குழந்தைக்கு அம்மை, மைத்துனன் வருகை. ஐந்தாவது, நாசிக். கேன்டீன் சூப்பர்வைசரின் தாயார் முந்தின நாள் மாலை காலமானார். ஆறாவது தடவை ஒருவருக்கு மாற்றல் உத்தரவு. ஏழாவது, அலிபாக். என் பக்கத்து மேஜையில் உட்காருபவர், டோம்பிவிலியிலிருந்து வருபவர், குர்லாவில் ஓடுகிற வண்டியில் ஏறப்போய் வலது பாதத்தை இழந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். இவர் ஆறு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து காதிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த டோம்பிவிலி வீட்டின் வரைபடத்தை மனைவியிடம் கேட்டுக் கேட்டே போட்டார். குளியலறை வாசற்படியை எவ்வளவு செதுக்க வேண்டும், ஸ்டூல் எவ்வளவு உயரம், கைப்பிடியை எங்கே அடிக்க வேண்டும். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை மடித்து வைத்துக்கொண்டாள். அதன்படியே செய்து, அந்த மனிதர் இருபது வருடம் யார் துணையும் இல்லாமல் குளித்தார். இதையும் சொல்ல வேண்டும்.

இவர் தண்ணீர் குடிக்க வெளியே போனபோது கட்டிலில் கிடந்தவர் என் கையைப் பிடித்தார். "எனக்கு டிக்கெட் எடுத்திருந்தாரா?" என்று கேட்டார்.

பஸ் டிக்கெட்டில் பெயர் கிடையாது என்றேன். அவர் கையை விடவில்லை. அதற்கப்புறம் யாரும் அதை வைத்துச் சிரிக்கவில்லை.

பெங்களூர் யோசனை 1987 ஜூனில் வந்தது. பாய்லர் விஷயமாகக் கம்பெனி அவரை அங்கே அனுப்பியிருந்தது. திரும்பி வந்தவர் மூன்று நாள் பஸ்ஸில் பீரைப் பற்றியே பேசினார். அந்த ஊரில் புதிதாகச் சில இடங்கள் திறந்திருக்கிறார்களாம். பாட்டில் கிடையாது. பீப்பாயிலிருந்து குழாய் வழியாகக் கண்ணாடி ஜக்கில் பிடித்துக் கொடுக்கிறார்கள், நுரை இரண்டு விரற்கடை உயரம் நிற்கிறது. பகலில், ஜன்னல் திறந்த அறையில், பெண்கள்கூட உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கு ஆச்சரியம் அதுதான். எங்களுக்குத் தெரிந்தது செம்பூரில் திரை போட்ட பெர்மிட் ரூம், சர்க்கார் பெர்மிட் உள்ளவர்கள் மட்டும் குடிக்கிற இடம். உள்ளே போகும்போதும் வரும்போதும் மாட்டுங்கா மாமா யாராவது தெருவில் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். அவர் முறைப்படி பெர்மிட் வாங்கி வைத்திருந்தார். உடம்பைப் பேணுவதற்காக மது தேவைப்படுகிறது என்று அதில் அச்சடித்திருக்கும். "நான் ஆரோக்கியமா இருக்கணும்னு சர்க்காருக்கே கவலை" என்பார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே நகைச்சுவை அது.

போவது நாலு பேர். அவர், நான், லேபரட்டரியில் இருந்த ரமணி, தாராவி செல்லையா. ரமணி மாட்டுங்காப் பையன், அப்போது இருபத்தொன்பது வயது, கல்யாணமாகி நாலு மாதம். அவன் அப்பா வெங்காயம்கூட வீட்டில் சேர்க்காதவர். செல்லையா திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் தகரப் பட்டறை வைத்து எங்கள் கம்பெனிக்கு டின் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரிடமும் பயம் இல்லை, மனைவியைத் தவிர.

இரண்டாவது சனிக்கிழமை விடுமுறை, வெள்ளியும் திங்களும் லீவு. வெள்ளி காலை ரயில், சனி காலை பெங்களூர், ஞாயிறு மாலை திரும்பும் ரயில். பேசித் தீர்மானிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. செல்லையாவின் பட்டறைதான் பத்திரமான இடமாகத் தோன்றியது, எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் தாராவிக்குள் வரமாட்டார்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலுமாக ஐந்து சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, கவிழ்த்துப் போட்ட டின்களின் மேல் உட்கார்ந்து, சுற்றிலும் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே பீர் குடிக்கத் திட்டம் போட்டோம். டீதான் குடித்தோம். ஒரு நாள் செல்லையா, இந்தச் சாமானுக்காக ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் போவதைத் தன் பட்டறையில் சொன்னால் ஆட்கள் தன்னை முதலாளி என்று மதிக்கமாட்டார்கள் என்றார். இவர் அதற்கும் சட்டைப் பொத்தானைப் பார்த்துவிட்டு, மதிப்பு குறையாமல் இருக்க மனைவியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தாளில் தனியாக எழுதியிருப்பதாகச் சொன்னார். எழுதியிருந்தார். நாலு பேருக்கும் நாலு காரணம்.

மற்றதும் எழுதியிருந்தார். முதல் இடம் சனி பதினொன்று நாற்பது. அதற்கு முன் தயிர்சாதம், வெறும் வயிற்றில் கூடாது. ஆளுக்கு இரண்டு கிளாஸ். மூன்று மணிக்கு லாட்ஜ், தூக்கம். ஐந்தரைக்கு இரண்டாவது இடம். படித்துக்கொண்டே வந்த நான் லாட்ஜ் வரியில் நின்றேன். மூன்று கட்டில் உள்ள அறை என்று இருந்தது. ஆட்டோ ஒன்று. ஜக் மூன்று பேருக்கு.

செல்லையாவும் பார்த்துவிட்டார். இந்தக் கணக்கை அவர் கேள்விப்பட்டிருந்தார்.

"பஸ்ஸுக்குப் பேரு வேண்டாம் அண்ணாச்சி. ரயிலுக்குப் பேரும் வயசும் எழுதிக் குடுக்கணும்லா. யார் பேர விடப்போறிய?"

பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். இத்தனை வருடத்தில் அவருக்கு அது தோன்றியிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்று, ஒரு மனிதனின் பெயரை எழுதாமல் விடுவது வேறு. ரமணி சிரிக்க முயன்று, "சார், என் பேரை விட்டுடாதீங்கோ, இன்னும் தலை தீபாவளியே வரலை" என்றான். இவர் சிரிக்கவில்லை.

நாலும் எடுத்துவிடலாமே என்றேன். கூட ஆவது நூற்றுச் சொச்சம்தானே என்றும் சொன்னேன். 

"பாக்கலாம்" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இரண்டு பெண்கள், ஒருத்தி பத்தாவது, ஒருத்தி ஏழாவது. சர்க்கரை ஆரம்பித்திருந்தது. பஸ்ஸுக்கு வர தினமும் ரயில் தண்டவாளத்தையும் மூன்று சாலைகளையும் கடக்க வேண்டியவன். கணக்குப் போட்டுப் பார்த்தால் நாலு பேரில் எனக்கே வாய்ப்பு அதிகம் என்று தோன்றியது.

செப்டம்பர் மூன்றாவது வாரம் ரிசர்வேஷன் திறந்தது. திங்கட்கிழமை அவர் லேபரட்டரிக்குப் போய் ரமணியின் வயதைக் கேட்டுவிட்டு வந்தார். ரமணியே சொன்னான். செவ்வாய்க்கிழமை டின் கொண்டுவந்த செல்லையாவிடம் கேட் வாசலில் கேட்டார், நான் பக்கத்தில் நின்றேன். நாற்பத்தொன்று என்று செல்லையா சொன்னார். என்னிடம் கேட்கவில்லை. புதன்கிழமை பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், கேட்கவில்லை. வியாழக்கிழமை டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றார்.

எத்தனை என்று கேட்டேன். மூன்று என்றார். மூன்று பேருக்குத் திரும்பும் டிக்கெட்டும் சேர்த்தே ஏற்பாடாகிவிட்டது. யார் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு வி.டி. போனேன். இரண்டு மணி பத்து நிமிடம் வரிசை. அதே வண்டிக்கு, வேறு பெட்டியில், என் பெயரில், என் வயதுக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். நூற்றுப் பதினெட்டு ரூபாய். போவதற்கு மட்டும். திரும்புவதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதை மனைவிக்கும் காட்டவில்லை. என் பெயர் எழுதிய சீட்டு பையில் இருக்கிறவரை அவர் கணக்கு என்னை ஒன்றும் செய்யாது என்று நம்பினேன். படித்தவன்தான். அப்படித்தான் நம்பினேன்.

கிளம்புகிற வாரம் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் கேன்டீன் மாடியில், இருபத்திரண்டு படி. அவர் பதினொன்றாவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக டேங்குகளைப் பார்த்தார். செவ்வாயும் நின்றார், புதனும் நின்றார். என் பெயரை விட்டதற்காக மனசு சரியில்லாமல் யோசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வியாழன் அவர் வேலைக்கு வரவில்லை.

ஏழு இருபத்தெட்டுக்கு பிளாட்பாரத்தில் அவர் வருவது தெரிந்தது. கையில் பெட்டி இல்லை. ஒரு குடையும் ஓர் உறையும்தான். மெதுவாக நடந்து வந்து உறையை ரமணியிடம் கொடுத்தார். உள்ளே டிக்கெட், திட்டத் தாள், லாட்ஜ் விலாசம். ரமணி சீட்டைப் பிரித்துப் பெயர்களைப் படித்தான். செல்லையா, நாற்பத்தொன்று. ரமணி, இருபத்தொன்பது. மூன்றாவது நான், நாற்பத்தாறு.

"என் வயசை நீங்க கேக்கவே இல்லையே" என்றேன்.

"கேக்கணுமா? வாரத்துக்கு ரெண்டு தடவை நீங்களே சொல்றேளே."

செல்லையா அப்போதுதான் புரிந்துகொண்டார். "அப்ப நீங்க வரலையா அண்ணாச்சி?"

"ஒரு பேரை விடணும்னா என் பேரைத்தான் என்னால விட முடிஞ்சுது" என்றார். உடம்பு லேசாக அசதி, வேறொன்றுமில்லை, தாளில் எல்லாம் இருக்கிறது, பார்த்துப் போய்வாருங்கள் என்றும் சொன்னார். செல்லையா கோபப்பட்டார். திட்டம் போட்டவன் வராமல் தாங்கள் போய்க் குடிப்பது எழவு வீட்டில் சாப்பிடுவது போல இருக்கும் என்றார். ரமணி தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த நிம்மதியில்தான் சட்டைப் பையில் கை விட்டேன். "சார், ஒண்ணும் கவலை இல்லை. நாலாவது என்கிட்ட இருக்கு" என்று சீட்டை நீட்டினேன்.

அவர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், பொத்தானை இல்லை, முகத்தை. "ஏன் எடுத்தேள்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்காகத்தான்" என்றேன். "நீங்க உங்க பேரைத்தான் விடுவேள்னு எனக்குத் தெரியும்."

"இதுல உங்க பேர் இருக்கே."

உங்கள் பெயரில் எடுத்தால் சார்ட்டில் பார்த்து முன்பே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று என்னவோ சொன்னேன். வாயிலிருந்து தானாக வந்தது. அவர் நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தலையைச் சாய்த்துச் சீட்டை மறுபடி படித்தார். "எனக்குன்னு யாரும் இதுவரைக்கும் டிக்கெட் எடுத்ததில்லை" என்றார்.

செல்லையா விடவில்லை. வேட்டி சட்டை தான் தருவதாகச் சொல்லி அவர் தோளைப் பிடித்துப் பெட்டிக்குள் ஏற்றினார். வழியனுப்ப வந்திருந்த செல்லையாவின் மச்சினன், செம்பூர் போய் வீட்டில் தகவல் சொல்வதாக ஒப்புக்கொண்டான். வண்டி ஏழு ஐம்பத்தைந்துக்குச் சரியாகக் கிளம்பியது. முதல் தடவையாக, நாலு என்று சொல்லி நாலு பேரும் போனோம். நான் அதை உரக்கவே சொன்னேன்.

அவரை என் பெர்த்தில் எங்களோடு உட்காரவைத்து, படுக்க மட்டும் அந்த வேறு பெட்டிக்கு அனுப்பினோம். டிக்கெட் பரிசோதகர் பெயர் கேட்டபோது அவர் என் பெயரைச் சொன்னாராம். காலையில் வந்து சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு.

பெங்களூரில் குளிர்ந்த வெயில். அந்த இடத்துக்குப் பதினொன்று நாற்பதுக்கே போனோம், இரண்டு ஆட்டோவில். அவர் தாளைப் பார்க்கவில்லை. மூன்று பேருக்குப் போட்ட தாள், அதில் தனக்கு வரி இல்லை என்றார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஜக் வந்ததும் நுரையை விரலால் அளந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "பாட்டில்ல இந்த ருசி வராது" என்றார். "நுரையும் ரெண்டு விரல் நிக்கறது." நான் அவரை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்ததில்லை. ரமணி தன் அப்பாவைப் போல மூக்கைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டினான், அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். சிரித்த பிறகு இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். ஒரு கிளாஸ் முடித்து இரண்டாவதில் பாதியை வைத்துவிட்டார். நான்தான் அந்தப் பாதியையும் குடித்தேன்.

லாட்ஜில் மூன்று கட்டில். நான் என் கட்டிலைத் தருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல் கீழே மெத்தை போட்டுப் படுத்தார். நாலு பத்துக்கு நான் விழித்தபோது ஜன்னல் வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை, செல்லையாவை எழுப்பினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, முடிந்து ஒரு மணி நேரமாகியிருக்கும் என்றார். ரமணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். செல்லையா தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். கிளார்க் பெரிய பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. வயது நாற்பத்தாறு.

பெங்களூர் ஸ்டேஷன் கேட்டில் அட்டை டிக்கெட்டை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் பெயர் எழுதிய ரிசர்வேஷன் சீட்டு அவர் சட்டைப் பையில் தங்கிவிட்டிருந்தது. அதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். தப்பு என்று சொன்னேன். அடித்துத் திருத்த வேண்டுமானால் போலீஸ்காரர் வந்து பார்க்க வேண்டும் என்றார் கிளார்க். அந்தப் போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் நான் பதிவேட்டின் எதிரே நின்றேன். மசி காய்ந்துவிட்டது. எனக்கு என்ன தோன்றியது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு மாதமாக இருந்த பயம் அப்போது என்னிடம் இல்லை. இருந்த இடமே தெரியவில்லை.

செம்பூரில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில்தான் போன். டிரங்க் கால் கிடைக்க ஆறு மணியாகிவிட்டது. அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மாமி, தன் தம்பியோடு மறுநாள் விமானத்தில் வந்தார். காரியத்தை அங்கேயே முடித்தோம்.

பதிமூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கை கழுவிவிட்டுக் கிளம்பியபோது மாமி உள் அறை வாசலுக்கு அழைத்தார். அழுது ஓய்ந்த முகம், ஆனால் பேச்சு நிதானமாக இருந்தது, அவருடைய பேச்சு மாதிரியே. புதன்கிழமை டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் படி ஏறக் கூடாது, பிரயாணம் கூடவே கூடாது என்று சொன்னாராம். இவர் சரி என்று கேட்டுக்கொண்டாராம். வெள்ளிக்கிழமை டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஒன்பதரைக்கு வந்துவிடுவதாகச் சொன்னாராம். ஒன்பதரைக்கு மாமி மோர் கரைத்து வைத்திருந்தாராம்.

"அவர் ஒரு தடவை தீர்மானிச்சா மாத்திக்க மாட்டார். எப்படி ஏறினார்னு எனக்குப் புரியவே இல்லை. அப்புறம் செல்லையா வந்து சொன்னார், நீங்க அவருக்குன்னே ஒரு டிக்கெட் எடுத்து வெச்சிருந்தேளாம்."

நான் தரையைப் பார்த்தேன். சிவப்புச் சிமெண்ட் தரை, நடுவில் ஒரு விரிசல்.

"உங்களை நான் குத்தம் சொல்லலை. உங்களுக்கு என்ன தெரியும்? அவருக்காக ஒருத்தர் யோசிச்சாரேன்னு இருக்கு எனக்கு." கையில் ஓர் உறை வைத்திருந்தார். "யாருக்கும் பாக்கி வெச்சுட்டுப் போக அவருக்குப் பிடிக்காது. அந்த டிக்கெட் எவ்வளவு ஆச்சு?"

அது அவருக்காக எடுத்தது இல்லை, மாமி. அதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. 

"நூத்திப் பதினெட்டு" என்றேன்.

மாமி எண்ணிக் கொடுத்தார். ஒரு நூறு, ஒரு பத்து, நாலு இரண்டு ரூபாய். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். வாங்கிக்கொண்டேன். வாசலில் செருப்பைப் போடும்போது ரமணியின் அப்பா எதிரே வந்தார், நல்ல மனிதர் போய்விட்டார் என்றார், ஆமாம் என்றேன்.

அந்தப் பயணத்தில் என் கையை விட்டுப் போனது நானூற்று எழுபத்தொரு ரூபாய் ஐம்பது பைசா. மாமி கொடுத்தது போக, எனக்கு ஆன செலவு முந்நூற்று ஐம்பத்து மூன்று ரூபாய் ஐம்பது பைசா.